கடலைக் காட்டும் விரல்

போர்ட் பிளேர்
10-7-1966

அன்புள்ள இந்திராணிக்கு,

நானும் மரகதமும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய்.

உன் கப்பல் கண்ணுக்கு மறைகிற வரை சாத்தம் ஜெட்டியில் நின்றோம். பிள்ளை அழவில்லை. பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு கப்பலையே பார்த்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான், கொடியில் கிடந்த உன் பழைய புடவையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். என்னால் சமாளிக்க முடியவில்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்து கம்பவுண்டர் பாபுவின் மனைவி பௌதி வந்து தூக்கிக்கொண்டு போனாள். நான் வேலைக்குப் போகும் பகலெல்லாம் இனி அவள் வீட்டில்தான். மரகதம் அவளை "மாஷி" என்று கூப்பிடுகிறாள். வங்காளத்தில் சின்னம்மாவாம்.

அட்மினிஸ்ட்ரேஷன் ஸ்டைபெண்ட் கொடுத்து அனுப்புகிறது, புதிதாகக் குடியேறியவர்களின் செட்டில்மெண்ட் கிராமங்களில் பால்வாடி ஆரம்பிக்கக் குழந்தை வளர்ச்சி படித்த ஆள் வேண்டும் என்று தெரிந்ததும் உன் அப்ளிகேஷனை டைப் அடிக்கக் கொடுத்தவன் நான்தான். "எம்.எஸ்ஸி. என்ன, ரெண்டு வருஷம் கண்ணை மூடித் திறந்தா ஓடிரும்" என்று ஆபீஸில் பெருமை அடித்துக்கொண்டவனும் நான்தான். ஹாஸ்டலில் குழந்தையைச் சேர்க்கமாட்டார்கள் என்று பிறகு தெரிந்தபோதும் போகாதே என்று சொல்லவில்லை. அதையெல்லாம் இப்போது மாற்றிப் பேசவில்லை.

ஆனாலும் கேட்கிறேன். ஊர்ப் பிள்ளைகள் எப்படி வளர்கின்றன என்று படிப்பதற்காக, பெற்ற பிள்ளை வளர்வதைப் பார்க்காமல் போயிருக்கிறாய். நீ திரும்பி வரும்போது அவளுக்கு உன்னைத் தெரியுமா? உன் படிப்பில் அதற்குப் பதில் இருந்தால் எழுது.

திருநாவுக்கரசு


சென்னை
8-8-1966

அன்புள்ள அத்தானுக்கு,

தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் வாரமே வகுப்பில் அதைத்தான் நடத்தினார்கள். மூன்று வயதுக்குள் தாயைப் பிரிந்த பிள்ளை பிறகு யாரிடமும் ஒட்டாமல் போகக்கூடும் என்று புத்தகத்தில் இருக்கிறது. எல்லோரும் குறிப்பு எடுத்தார்கள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பயத்தோடுதான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் பேராசிரியை சந்திரமதி அம்மாள் ஒருநாள் எங்களைப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ஆளுக்கு ஒரு குழந்தை. "தொடாதீங்க, கொஞ்சாதீங்க. பாருங்க, அவ்வளவுதான்" என்றார். என் பங்குக்கு வந்தது முந்தின நாள் பிறந்த குழந்தை. முதலில் தூங்குகிற மூட்டையாகத்தான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அது கண்ணைத் திறந்து, ஜன்னல் வெளிச்சத்தைத் தேடித் தலையைத் திருப்பியது. களைத்துப் போய்த் தூங்கியது. விழித்ததும் மறுபடியும் அதே வெளிச்சத்தைத் தேடியது. யாருக்காக அந்தப் பாடு? என்ன கிடைக்கப் போகிறது? எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மரகதமும் என் பக்கத்தில் அப்படித்தானே படுத்திருந்தாள், நான் துணி மடித்துக்கொண்டிருந்தேனே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகவே ஓர் உதவி. நான் விட்டதை நீங்கள் பாருங்கள். காலித் தீப்பெட்டிகளை அவள் முன் வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை அடுக்குகிறாள் என்று பாருங்கள். கண் எங்கே, மூக்கு எங்கே என்று கேட்டால் தொட்டுக் காட்டுகிறாளா என்று பாருங்கள். பார்க்க மட்டும்தான் வேண்டும். சொல்லிக்கொடுக்கக் கூடாது.

உங்கள்
இந்திராணி


போர்ட் பிளேர்
20-11-1966

அன்புள்ள இந்திராணிக்கு,

நீ கேட்ட வேலை திருப்திகரமாக முடிந்தது.

அபர்தீன் பஜாரில் சிராஜ் பாய் கடையில் காலித் தீப்பெட்டிகள் சேர்த்து வைக்கச் சொல்லி வாங்கிவந்தேன். முதல் நாள் மூன்றுதான் அடுக்கினாள். பௌதியின் பையன் நான்கு அடுக்குவான் என்று கம்பவுண்டர் பாபு சிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. தினமும் சாயங்காலம் பழக்கினேன். இப்போது எட்டு நிற்கிறது. அடியில் இருக்கிற மூன்றை மட்டும் கோந்து போட்டு ஒட்டியிருக்கிறேன். அஸ்திவாரம் பலமாக இல்லாவிட்டால் எந்தக் கட்டடமும் நிற்காது என்பது உன் பேராசிரியைக்குத் தெரிந்திருக்கும்.

கண், காது, மூக்கு எல்லாம் காட்டுகிறாள். அம்மா எங்கே என்று கேட்டால் கடல் பக்கம் கையை நீட்டுகிறாள். இந்தக் குவார்ட்டர்ஸ் லைனில் இதுதான் இப்போது எல்லோருக்கும் விளையாட்டு. வேலைக்குப் போகிறவர்கள் இவளை வழியில் நிறுத்தி, "மா கஹாங்?" என்று இந்தியில் கேட்டு, அந்த விரல் நீள்வதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார்கள். மெயின்லேண்டிலிருந்து கப்பல் வருகிற நாளெல்லாம் அவளைத் தோளில் வைத்து ஜெட்டிக்குக் கூட்டிப்போகிறேன். "அம்மா வரும், கப்பல்ல வரும்" என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீ என்னை மறந்தாலும் அவள் உன்னை மறக்கக் கூடாது அல்லவா?

திருநாவுக்கரசு


சென்னை
16-1-1967

அன்புள்ள அத்தானுக்கு,

பிள்ளை என்ன நீங்கள் ரோட்டுக்குக் கட்டும் கல்வெர்ட்டா, இன்ஜினியர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருவதற்கு முன் வெள்ளையடித்து நிறுத்த? கோந்து விஷயத்தை வகுப்பில் சொன்னேன். சந்திரமதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். "உன் வீட்டுக்காரரைத் திட்டாதே. தீப்பெட்டி வாங்க பஜாருக்குப் போகிற தகப்பன் எத்தனை பேர்" என்று உங்களுக்கு வக்காலத்து வேறு.

இனிமேல் பரீட்சை வேண்டாம். நீங்கள் எதையும் சோதிக்காத நேரத்தில் அவள் என்ன செய்கிறாள்? அதை எழுதுங்கள்.

இதை எழுதக் கை வரவில்லை. கோடை விடுமுறைக்கு நான் வரமுடியாது. இங்கே கூவம் கரைக் குடிசைகளில் ஒரு பால்வாடியில் வேலை பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் நம் தீவுக் கிராமங்களில் ஆய்வு செய்ய அனுமதி கிடைக்காது. நவம்பரில் அதற்காக வருவேன். மே மாதம் பார்த்துவிடலாம் என்று நானும் ஆசையை வளர்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள்
இந்திராணி


போர்ட் பிளேர்
12-4-1967

இந்திராணிக்கு,

சோதிக்காத நேரத்தில் என்ன செய்கிறாள் என்று கேட்டாய். சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பௌதி வாசலில் நின்று என்னை ஏதோ கேட்டாள். அவள் வங்காளம் வேகமாகப் பேசினால் எனக்குப் பிடிபடாது. விழித்தேன். தரையில் விளையாடிக்கொண்டிருந்த மரகதம் தலையைத் தூக்கி, "நீ சோறு தின்னியான்னு மாஷி கேக்குது" என்றாள். தின்னாச்சு என்றேன். அந்தப் பக்கம் திரும்பி வங்காளத்தில் சொன்னாள். உடனே பௌதியின் பையன் பக்கம் திரும்பி, "ஏ, மேரா டிப்பா தே" என்று தன் டப்பாவைக் கேட்டு இந்தியில் அவனை அதட்டிவிட்டு விளையாட்டைத் தொடர்ந்தாள். முகத்துக்கு முகம் பாஷை மாறுகிறது. தடுமாற்றமே இல்லை. நான் இந்தத் தீவுக்கு வந்து ஒன்பது வருஷமாகக் கூலி ஆட்களிடம் உடைந்த இந்தி பேசிக்கொண்டிருக்கிறேன். வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

இது உனக்கு இனிப்பாக இருக்கும். அடுத்ததையும் படி.

நேற்று கப்பல் வந்தது. நீ மேயில் வரமாட்டாய் என்ற கடிதம் ஏற்கெனவே என் சட்டைப்பையில் கிடந்தது. ஆனாலும் பழக்கத்தில் அவளை ஜெட்டிக்குத் தூக்கிப்போனேன். கப்பல் வளைந்து உள்ளே நுழைந்ததும் தோளில் குதித்து, "அம்மா வந்துருச்சு! அம்மா வந்துருச்சு!" என்று கத்தினாள். இறங்குகிறவர்கள் யாரையும் அவள் பார்க்கவில்லை. கப்பலையே பார்த்தாள். சங்கு ஊதியது. "அம்மா கூப்புடுது" என்றாள். புகைபோக்கியைக் காட்டி, "அம்மா அடுப்பு" என்றாள். ஜெட்டி ஓரத்தில் இறக்கிவிட்டதும் ஓடிப் போய், கப்பலைக் கட்டியிருந்த வடக்கயிற்றை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு கன்னத்தை வைத்தாள்.

அவள் இத்தனை நாளும் கடல் பக்கம் கை நீட்டிக் காட்டியது உன்னை அல்ல. கப்பலைத்தான் அம்மா என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

சுவரில் மாட்டியிருக்கிற உன் படம்? அதற்குப் பெயர் இந்திராணி. நான் அதைப் பார்த்து அப்படித்தான் பேசுகிறேன், அவளும் அப்படியே கூப்பிடுகிறாள். இந்திராணி வேறு, அம்மா வேறு. அம்மாவுக்கு மேல்தளம் இருக்கிறது, அம்மா எண்ணெய் நாற்றம் அடிக்கிறது.

உன் புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்.

திருநாவுக்கரசு


சென்னை
9-5-1967

அன்புள்ள அத்தானுக்கு,

நான் அழவேண்டும் என்றுதானே எழுதினீர்கள்? அழுதேன். டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துத் துணிகளை எடுத்து வைத்தேன். ஆண்டுத் தேர்வும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அடுத்த கப்பலில் ஏறிவிடுவது என்று.

பாதிப் பெட்டி நிறைந்தபோது வடக்கயிற்றில் கன்னத்தை வைத்த இடம் மறுபடி நினைவுக்கு வந்தது. கையில் இருந்த புடவையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள், அத்தான். நமக்கு ஒன்று தெரியாவிட்டால் தெரியாது என்று விட்டுவிடுகிறோம். அவளால் அப்படி விடமுடியவில்லை. அம்மா என்று ஒன்று இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் கட்டாயம் வரும் என்று லைன் முழுக்கச் சொல்கிறார்கள். அதை எங்கே வைப்பது? ஒரு சாண் படத்தில் அது அடங்கவில்லை. அந்தத் தீவில் எல்லாவற்றையும்விடப் பெரியது எதுவோ, போனாலும் திரும்பி வருவது எதுவோ, எது வந்தால் ஊரே வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறதோ, எதன் வயிற்றிலிருந்து அரிசியும் மனிதர்களும் கடிதங்களும் வருகின்றனவோ, அதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். இரண்டேகால் வயது! என்னைவிட நல்ல அம்மாவாகத்தான் பார்த்து எடுத்திருக்கிறாள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அவளைக் கும்பிடவும் தோன்றுகிறது.

மறுநாள் எங்கள் கருத்தரங்குக்கு டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். வேலைக்குப் போகும் தாயால் பிள்ளைக்கு நஷ்டம்தான், பால்வாடிக்குச் செலவழிப்பதைவிடத் தாய்மார்களை வீட்டோடு இருக்கச் சொல்லிப் பிரச்சாரம் செய்வதே நல்ல கொள்கை என்று பேசினார். நான் எழுந்துவிட்டேன். எங்கள் தீவுகளின் வடகோடியில், திக்லிபூரில் காட்டை வெட்டி நாற்று நடுகிற பெண்ணிடம் போய் அதை யார் சொல்வது என்று கேட்டேன். பிறகு கப்பலை அம்மா என்று கூப்பிடுகிற ஒரு குழந்தையின் கதையைச் சொன்னேன். கைவிடப்பட்ட பிள்ளைக்கு இப்படி ஓர் அம்மாவை உண்டாக்கத் தெரியாது. அப்பாவும் மாஷியும் தெருவும் தினம் தினம் "வருவாள், வருவாள்" என்று சொல்லிக்கொண்டிருந்ததால்தான் முடிந்தது. பால்வாடி தாய்க்குப் பதிலாக அல்ல, தாய் திரும்புகிற வரை அவளைப் பிள்ளையின் மனதில் பத்திரமாக வைத்திருக்கிற இடமாக வேண்டும் என்று சொன்னேன். அதிகாரி, "யார் வீட்டுக் குழந்தை அது?" என்று கேட்டார். "என்னுடையது" என்றேன்.

பெட்டியைப் பிரித்துவிட்டேன். நவம்பரில் ஆய்வுக்குத்தான் வருகிறேன். கருத்தரங்கில் வாய் கிழியப் பேசிவிட்டேனே தவிர, பயம் போகவில்லை. அவள் என்னிடம் வராமலே போனால் இத்தனை பேச்சும் எதற்கு?

ஒரே ஒரு வேண்டுகோள். அது அம்மா இல்லை, கப்பல் என்று யாரும் அவளைத் திருத்தவேண்டாம். நான் வருகிற வரை அவளிடம் ஓர் அம்மா இருக்கட்டும்.

உங்கள்
இந்திராணி


திக்லிபூர்
2-11-1967

அன்புள்ள இந்திராணிக்கு,

நீ போர்ட் பிளேரில் இறங்கும்போது நான் ஜெட்டியில் இருக்கமாட்டேன். மழையில் இங்கே இரண்டு பாலம் போய்விட்டது. என்னை அனுப்பிவிட்டார்கள். ரோடு கிடையாது, அடுத்த சிறு கப்பல் கிடைத்தால்தான் திரும்ப முடியும். இந்தக் கடிதத்தைப் பௌதியிடம் கொடுக்கச் சொல்லி அனுப்புகிறேன். அவள்தான் மரகதத்தோடு வந்து நிற்பாள்.

நீ மே மாதம் எழுதிய கடிதத்துக்கு நான் நேராகப் பதில் எழுதவே இல்லை. அதற்கு முந்தின என் கடிதத்தைக் குத்திக் காட்டவேண்டும் என்றுதான் எழுதினேன். நீ அதை வாங்கிக்கொண்டு வேறு எதையோ திருப்பிக் கொடுத்தாய். அதற்குப் பிறகு ஜெட்டிக்குப் போகும்போதெல்லாம் எனக்கும் கப்பல் வேறு மாதிரிதான் தெரிகிறது. யாரும் திருத்தவில்லை. சிராஜ் பாய்கூட, மகளைக் கூப்பிடுகிற மாதிரி, "பேட்டி, அம்மா இன்னைக்கு என்ன சரக்கு கொண்டாந்துச்சு?" என்றுதான் கேட்கிறார்.

இங்கே நாற்று வயல் வரப்பில் தாய்மார்கள் பிள்ளைகளைத் துணி விரித்து விட்டிருக்கிறார்கள். பாலத்துக்கு அளவெடுக்க வந்தவன் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறேன். ஒரு பயல் காலையிலிருந்து ஒரு நண்டு வளையை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். மேஸ்திரி ஜம்புலிங்கம், "சாருக்கு என்னாச்சு?" என்று கேட்கிறான்.

அவள் உன்னிடம் வராவிட்டால் மனதை விட்டுவிடாதே. நான் இருக்கிறேன்.

திருநாவுக்கரசு


போர்ட் பிளேர்
19-11-1967

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

கப்பல் படிக்கட்டில் இறங்கும்போதே பௌதியின் இடுப்பில் அவளைப் பார்த்துவிட்டேன். எவ்வளவு நீளமாகிவிட்டாள்! விட்டுப் போன கைக்குழந்தையைத் தேடிக்கொண்டு வந்தவளுக்கு அது யார் வீட்டுப் பெண்ணோ போலத்தான் இருந்தது. ஓடிப் போய்ப் பிடுங்கிக்கொள்ள உடம்பெல்லாம் துடித்தது. பிள்ளையிடம் போகாதே, பிள்ளை வரட்டும் என்று படித்ததை ஒப்பித்துக்கொண்டு, பெட்டியைக் கீழே வைத்து அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். கூலிக்காரர்கள் திட்டிக்கொண்டே என்னைச் சுற்றிப் போனார்கள்.

அவள் கப்பலைப் பார்த்துக் கையாட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். கண் அப்படியே நின்றது. பௌதியின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கிக் கிட்டே வந்து, என் முகத்துக்கு நேரே நின்று கேட்டாள்: "நீ இந்திராணியா?"

சுவரில் இருக்கிறவள் இறங்கி வந்துவிட்டாள் என்று அவளுக்கு அவ்வளவு பிரமிப்பு. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "ஆமா, இந்திராணிதான்" என்றேன்.

"எப்புடி வந்தே?"

கப்பலைக் காட்டி, "அம்மாவுக்குள்ள இருந்து வந்தேன்" என்றேன். வேறு என்ன சொல்ல?

கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானும் அம்மா வயித்துக்குள்ள இருந்துதான் வந்தேன். அப்பா சொல்லுச்சு" என்றாள். பிறகு என் விரலைப் பிடித்துக்கொண்டாள். ஒரே வயிற்றிலிருந்து வந்தவர்கள் என்ற உரிமை. வீடு வரை அந்தக் கை விடவில்லை.

அதோடு சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தூக்கம் வந்தால் மாஷிதான் வேண்டும். நான் ஊட்டினால் வாயை மூடிக்கொள்கிறாள். ஒருநாள் என் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "நீ திரும்ப உள்ள போயிருவியா?" என்று கேட்டாள். நான் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

முந்தாநாள் கப்பல் கிளம்பியது. அதற்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். கப்பல் போகும்போதெல்லாம் இவள் எப்படி அழுவாள் என்று பௌதி சொல்லியிருந்தாள். நான்தான் ஜெட்டிக்குத் தூக்கிப்போனேன். சங்கு ஊதியது. வடத்தை அவிழ்த்தார்கள். உதடு பிதுங்கியது. கப்பல் நகர நகர அதையே பார்த்தாள். சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீ போகலியா?"

"போகல."

மறுபடி கப்பலைப் பார்த்தாள். மறுபடி என்னை. அவளுடைய சின்ன நெற்றிக்குள்ளே ஏதோ இடம் மாறிக்கொண்டிருந்தது. கப்பல் ராஸ் தீவைத் தாண்டியது. பிறகு கையை ஆட்டினாள். "டாட்டா, கப்பல்" என்றாள்.

கப்பல் என்றாள், அத்தான். யாரும் சொல்லவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷி தன் உலகத்தைத் தானே பிரித்து அடுக்குவதைக் கண் எதிரே பார்த்தேன். நாளைக்கு ஆய்வறிக்கையில் இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவேன் என்று தெரியவில்லை. அடுத்த வாரம் சிப்பிகாட்டிலும் வண்டூரிலும் வேலை ஆரம்பிக்கிறேன். அவளையும் கூட்டிக்கொண்டுதான் போவேன்.

இன்னும் என்னை இந்திராணி என்றுதான் கூப்பிடுகிறாள். உங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால் அம்மா போஸ்ட் இப்போது காலி. நான் வாய் திறந்து கேட்கமாட்டேன்.

இன்று காலை வாசலில் பௌதி வழக்கம்போல, "மா கோதாய்?" என்று வங்காளத்தில் கேட்டாள். மரகதத்தின் கை வழக்கம்போலக் கடல் பக்கம் எழும்பியது. கடல் வெறிச்சென்று இருந்தது. கை பாதியில் நின்றுவிட்டது. அந்தரத்தில் நின்ற தன் விரலைத் தானே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் அதை மடக்கிக்கொண்டு, நான் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த முறத்தைத் தள்ளிவிட்டு என் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

உங்கள்
இந்திராணி